வந்த சரக்குகளின் சந்தை



கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்தில் ஐரோப்பிய ஆறுகளில் ஓடும் கப்பல் பயணத்தைப் பற்றிப் வாசகர் வட்ட நண்பர்கள் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும், பயணக் கம்பெனிக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறாரோ என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். பயப்படாதீர்கள், என் பையில் டிக்கெட் எதுவும் இல்லை.

அந்தப் பயணத்தின் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். பனி மூடிய கூரைகள், மஞ்சள் விளக்குகள், கரையோரம் ஒரு வெள்ளைக் கப்பல், கையில் ஆவி பறக்கும் கோப்பை. படத்துக்குக் கீழே ஒரு வரி: நூற்றாண்டுகளாக மாறாத மரபு, மண்ணின் மணம். அந்த வரியோடுதான் எனக்கு வழக்கு. அந்தச் சந்தையில் மண்ணின் சரக்கு கொஞ்சம்தான். வெளியிலிருந்து வந்த சரக்குதான் ஏராளம். அதுதான் அந்தச் சந்தையின் பெருமை என்பது என் கட்சி. நூர்ன்பெர்க்கில் ஏறி ஒரு வாரத்தில் புடாபெஸ்டில் இறங்கும் தடத்தில் உங்களை அழைத்துப் போகிறேன். வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போவோம்: இது எங்கிருந்து வந்தது?

கப்பலிலிருந்தே தொடங்குவோம். கடலில் போகும் சொகுசுக் கப்பலை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அது பத்துப் பதினைந்து மாடி. இது மூன்றே தளம். பயணிகள் நூற்றைம்பது பேர், மிஞ்சிப்போனால் இருநூறு பேர். நூர்ன்பெர்க் வழியே ஓடும் ஆற்றுக் கப்பல் எதை அளந்தாலும் நீளம் 135 மீட்டரைத் தாண்டாது, அகலம் பதினொன்றரை மீட்டரைத் தாண்டாது. ஏன்? காசு இருந்தால் பெரிதாகக் கட்டக் கூடாதா? கட்டலாம். ஆனால் கட்டிய இடத்திலேயே வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான். வழியில் இருக்கும் பல லாக்குகளின் அகலம் வெறும் 12 மீட்டர். கப்பலின் இரு பக்கமும் ஒரு முழத்துக்குக் குறைவாகவே மிச்சம்.

லாக் என்றால் என்ன? முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு பெரிய கான்கிரீட் தொட்டி. கப்பல் உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடும். மேல்மட்டத்துத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் உயரும், அதோடு கப்பலும் உயரும். பிறகு முன்கதவு திறக்கும். இரவில் எதற்கோ விழித்து உங்கள் அறை ஜன்னலின் திரையை விலக்குகிறீர்கள் என்று வையுங்கள். வெளியே ஆறும் இல்லை, வானமும் இல்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில், நீர் சொட்டும் கறுத்த சுவர். கிணற்றுக்குள் இறங்கிய வாளி போலக் கப்பல் நிற்கிறது. சத்தமே இல்லாமல் அந்தச் சுவர் கீழே நழுவுகிறது. சுவரில் பதித்த இரும்பு ஏணியின் படிகள் ஒவ்வொன்றாக உங்களைக் கடந்து இறங்குகின்றன. கடைசியில் ஒரு விளக்குக் கம்பம், ஒரு கைப்பிடிக் கம்பி, புல். ஊர் மட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். இந்தத் தடத்தின் பெரிய லாக்குகள் ஏறக்குறைய 25 மீட்டர் தூக்கிவிடுகின்றன. எட்டு மாடி உயரம்!

இப்படி ஏறி ஏறி எங்கே போகிறோம்? மலையைத் தாண்டிப் போகிறோம். ரைன் நதியின் கிளையான மைன் வட கடல் பக்கம் ஓடுகிறது. டான்யூப் கருங்கடலுக்கு ஓடுகிறது. நடுவே மேடு. இந்த இரண்டையும் இணைத்துவிட வேண்டும் என்று முதலில் முனைந்தவர் பேரரசர் சார்லமேன். ஆண்டு 793. மழை பெய்து, தோண்டத் தோண்ட மண் சரிந்தது என்கின்றன அக்காலக் குறிப்புகள். அந்தப் பள்ளத்தின் மிச்சம் பவேரியாவில் இன்றும் இருக்கிறது. அடுத்து, பவேரிய மன்னர் முதலாம் லூட்விக் ஒரு சிறு கால்வாய் வெட்டினார். 1846-இல் திறந்தார்கள். ரயில் வந்து அதன் பிழைப்பைப் பறித்துக்கொண்டது. இன்றைய கால்வாய் 1992 செப்டம்பர் 25 அன்று திறக்கப்பட்டது. பாம்பெர்க் முதல் கெல்ஹைம் வரை 171 கிலோமீட்டர், 16 லாக்குகள், உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 406 மீட்டர். கட்டிக்கொண்டிருக்கும்போதே ஜெர்மானியப் போக்குவரத்து அமைச்சர் ஒருவர், பாபேல் கோபுரத்துக்குப் பிறகு இதைப் போன்ற முட்டாள்தனமான திட்டம் வந்ததில்லை என்று திட்டித் தீர்த்தார். எதிர்க்கட்சிக்காரர் இல்லை, அந்தத் துறைக்கே அமைச்சர்! அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அழகான ஆல்ட்மூல் பள்ளத்தாக்கை அந்தக் கால்வாய் அறுத்துக்கொண்டுதான் போகிறது.

இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அந்த உச்சியில் ஆறு எதுவும் கிடையாது. அங்கே நிற்கும் தண்ணீர் டான்யூப் பக்கத்திலிருந்து பம்பு வைத்து ஏற்றியது. நம்மைச் சுமக்கும் தண்ணீரே வந்த தண்ணீர்தான்.

சரி, சந்தைக்கு வருவோம்.

நூர்ன்பெர்க்கில் கப்பல் துறை ஊருக்கு வெளியே இருக்கிறது. பேருந்தில் பழைய நகரத்துக்குக் கூட்டிப் போவார்கள். மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஹவுப்ட்மார்க்ட் என்னும் பெரிய சதுக்கம். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக் கூரையோடு வரிசை வரிசையாக மரக் கடைகள். ஒரு பக்கம் ஃப்ரவென்கிர்ஹே எனும் மாதா கோவில். இந்தச் சந்தைக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சாட்சி ஒரு சின்ன மரப்பெட்டி. மேலே பூ வரைந்த பெட்டி. சந்தைக்காக அனுப்பிய பரிசு என்று அடியில் எழுதி, 1628 என்று ஆண்டும் போட்டிருக்கிறார்கள். அரசாணை தொலைந்துபோகும், கணக்குப் புத்தகம் எரிந்துபோகும். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு அன்போடு அனுப்பிய பெட்டி நானூறு ஆண்டு தாங்கிவிட்டது!

அங்கே என்ன விற்கிறார்கள்? விரல் அளவு சாசேஜ். மூன்றை ஒரு ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துக் கையும் காலும் செய்து, தலைக்கு ஒரு வால்நட்டை வைத்து, அதில் கண்ணும் மூக்கும் வரைந்த பொம்மைகள் இருக்கும். புகைபோக்கி துடைப்பவர், பாட்டி, சமையல்காரர், மருத்துவர் என்று ஊரே அந்தப் பலகையில் நிற்கும். சாப்பிடக் கூடாது, வைத்துப் பார்க்கத்தான். அடுத்த கடையில் சூடாக்கிய மசாலா ஒயின். அதற்கடுத்து லேப்கூகன் எனும் தேன் கேக். இதில் உயர்ந்த வகைக்குச் சட்டமே உண்டு: பருப்பு வகைகள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தேவாலயத்தில் தரும் அப்பத்தைப் போன்ற மெல்லிய தகட்டின் மேல் வைத்துச் சுடுகிறார்கள்.

அந்தக் கேக்கை மூக்கருகே கொண்டுபோங்கள். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி மணக்கும்! இலவங்கப்பட்டை, கிராம்பு, ஏலம், இஞ்சி, ஜாதிக்காய், பழைய செய்முறைகளில் மிளகும். இது எங்கிருந்து வந்தது? தேன் மட்டும் உள்ளூர். நகரைச் சுற்றிய காட்டில் எடுத்தது. மிளகும் ஏலமும் மலபாரிலிருந்து, பட்டை இலங்கையிலிருந்து, கிராம்பும் ஜாதிக்காயும் இன்றைய இந்தோனேசியத் தீவுகளிலிருந்து. அவை வெனிஸ் துறைமுகம் வந்து, ஆல்ப்ஸ் மலையில் கோவேறு கழுதை முதுகில் ஏறி, நூர்ன்பெர்க் வணிகர் கிடங்கில் இறங்கின. அந்த ஊர் வணிகர்கள் கிடங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் மட்டுமல்ல. 1505-இல் அல்மெய்டாவின் தலைமையில் போர்த்துகீசியப் படைக் கப்பல்கள் இந்தியாவுக்குக் கிளம்பின. அவற்றில் மூன்று கப்பல்களுக்கு ஜெர்மானிய வணிகக் குடும்பங்கள் பணம் போட்டன. இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் என்ற நூர்ன்பெர்க் குடும்பங்களும் அதில் உண்டு. மிளகு போனது, பின்னால் பீரங்கி வந்தது. கேக் மணக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கை நாம் மறந்துவிட வேண்டியதில்லை.

தேன் கேக் என்றதும் தமிழனுக்கு நினைவு வர வேண்டிய இன்னோர் ஊர் உண்டு. இந்தத் தடத்தில் இல்லை, வடகிழக்கே சாக்சனியில் இருக்கிறது: புல்ஸ்னிட்ஸ். 1558 முதல் அங்கே ரொட்டிக்காரர்களுக்கு இந்தக் கேக் சுட உரிமை உண்டு. இன்றும் அதற்குப் பேர்போன ஊர். 1682-இல் அங்கே பிறந்த ஒரு பையன்தான் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்கு. மசாலா அங்கே போனது, ஆள் இங்கே வந்தார்!

இனி சந்தையைத் திறந்துவைக்கும் தேவதையைப் பார்ப்போம். பொன்னிறச் சுருள் முடி, தங்கக் கிரீடம், வெள்ளையும் பொன்னுமான நீண்ட உடை. மாதா கோவிலின் மாடத்தில் ஏறி நின்று கவிதை சொல்லிச் சந்தையைத் திறப்பாள். அவளை 'கிறிஸ்ட்கிண்ட்' என்பார்கள். பரிசு கொடுப்பவர் புனித நிக்கோலஸ் அல்ல, குழந்தை இயேசுவே என்று மார்ட்டின் லூதர் வழியினர் சொன்னதிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. இன்று இரண்டாண்டுக்கு ஒருமுறை நகரத்துப் பெண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதினாறு முதல் பத்தொன்பது வயது, குறைந்தது 160 சென்டிமீட்டர் உயரம், மேலேயிருந்து கீழே பார்த்தால் தலை சுற்றக் கூடாது. இதெல்லாம் எழுதிவைத்த தகுதிகள்!

2019-இல் தேர்வானவர் பெனிக்னா முன்ஸி, வயது பதினேழு. இந்தியத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் பிறந்த நூர்ன்பெர்க் பெண். உடனே தீவிர வலதுசாரிக் கட்சியின் ஒரு வட்டாரக் கிளை அவர் படத்தைப் போட்டு, நம் இனத்துக்கு அழிவு வந்துவிட்டது என்கிற தொனியில் நையாண்டி எழுதியது. ஊர் என்ன செய்தது தெரியுமா? கொதித்தது. மாநில முதல்வரே அந்தப் பெண்ணுக்கு ஆதரவாகப் பேசினார். பதிவை நீக்கினார்கள். நவம்பர் கடைசியில் அந்தப் பெண்ணே மாடத்தில் நின்று சந்தையைத் திறந்துவைத்தார். அப்பனுடைய நாட்டு மிளகை ஐந்நூறு ஆண்டுகளாகத் தின்றவர்கள், மகள் மாடத்தில் ஏறினால் மட்டும் மரபு கெட்டுவிட்டது என்று சொன்னால் அது எந்த ஊர் நியாயம்?

'மாறாத மரபு' என்று சொல்கிறார்களே, அந்த மாடத்தில் தேவதை நிற்கும் காட்சியே 1933-இல் ஏற்பாடு செய்யப்பட்டதுதான். ஏற்பாடு செய்தவர்கள் நாஜிகள். வேறிடங்களுக்குப் போயிருந்த சந்தையை அவர்கள்தான் ஆரவாரத்தோடு இந்தச் சதுக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சதுக்கத்துக்கே ஹிட்லர் பெயரை வைத்திருந்த காலம் அது. போரில் சந்தை நின்றது. 1945 ஜனவரி 2 அன்று குண்டுவீச்சில் பழைய நகரம் தரைமட்டமாயிற்று. 1948-இல் இடிபாடுகளுக்கு நடுவே மறுபடி கடை போட்டார்கள். நீங்கள் பார்க்கும் பழைமை பெரும்பாலும் திரும்பக் கட்டிய பழைமை.

அதற்கும் கீழே போனால்? இந்தச் சதுக்கம் ஒரு காலத்தில் யூதர் தெரு. 1349 டிசம்பரில் மன்னர் நான்காம் சார்லஸ் அனுமதி கொடுக்க, அங்கே வாழ்ந்த யூதர்களில் 562 பேரைக் கொன்றார்கள். வீடுகளை இடித்துச் சதுக்கம் ஆக்கினார்கள். ஜெப ஆலயம் நின்ற இடத்தில் எழுந்ததுதான் இன்று தேவதை ஏறி நிற்கும் மாதா கோவில். டிசம்பர் மாதத்தில், அதே இடத்தில், கையில் சூடான கோப்பையோடு நிற்கிறோம். வழிகாட்டிகள் எல்லோரும் இதைச் சொல்வதில்லை. சுற்றுலா நேரம் ஒன்றரை மணிதான், கேக் கடைக்கே பாதி போய்விடும். சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கப்பலுக்குத் திரும்புவோம். ரேகன்ஸ்பூர்க்கைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 12-ஆம் நூற்றாண்டுக் கல் பாலம் ஒன்று உண்டு, நடந்து பாருங்கள், போதும். அடுத்தது பாஸாவ். டான்யூப், இன், இல்ஸ் என மூன்று ஆறுகள் கூடும் ஊர். நகரமன்றக் கோபுரத்தின் சுவரில் வெள்ளம் வந்த ஆண்டுகளைக் கோடு போட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் 12.89 மீட்டர், 1501-க்குப் பிறகு அவ்வளவு உயரம் வந்ததில்லை. ஆறு கூடினாலும் கஷ்டம், குறைந்தாலும் கஷ்டம். கூடினால் பாலத்தடியில் கப்பல் நுழையாது, குறைந்தால் அடி தட்டும். மாலுமி அறையையே இறக்கி, மேல்தளக் கைப்பிடிகளை மடக்கி வைத்துத்தான் சில பாலங்களைக் கடக்கிறார்கள். ஆறு சரியில்லை என்றால் உங்களைப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். கப்பலுக்குக் கட்டிய பணத்தில் பேருந்துப் பயணம்! இதற்கும் மனத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

பாஸாவில் டான்யூபோடு சேரும் இன் ஆற்றின் கிளை சால்சாக். அதன் கரையில் ஓபர்ன்டோர்ஃப் என்ற சிற்றூர். உப்புப் படகு ஓட்டுபவர்கள் வாழ்ந்த ஊர். அவர்கள் கோவில் படகோட்டிகளின் காவலரான புனித நிக்கோலஸ் பெயரில் இருந்தது. அவரும் வந்தவர்தான், இன்றைய துருக்கியில் உள்ள மைராவில் ஆயராக இருந்தவர். 1816-இல் நாட்டு எல்லையை மாற்றி வரைந்தார்கள். சால்சாக் ஆறே எல்லைக்கோடு ஆயிற்று. அக்கரை பவேரியா, இக்கரை ஆஸ்திரியா. ஒரே ஊராக இருந்தது இரண்டாகப் பிளந்தது. படகுத் தொழிலும் நொடித்துக்கொண்டிருந்தது. அந்த ஊருக்கு 1817-இல் துணைப் பாதிரியாராக வந்தார் யோசெஃப் மோர். முந்தைய ஆண்டு எழுதிய ஒரு பாட்டு அவர் கையில் இருந்தது. 1818 டிசம்பர் 24 அன்று பக்கத்து ஊர் ஆசிரியர் ஃப்ரான்ஸ் க்ரூபரிடம் கொடுத்து மெட்டுப் போடச் சொன்னார். அன்றிரவே கிதார் வைத்து இருவரும் பாடினார்கள். உலகம் முழுதும் இன்று பாடும் 'ஸ்டில்லே நாஹ்ட்', அதாவது 'சைலன்ட் நைட்', அதுதான். ஆர்கனை எலி கடித்துவிட்டது என்றொரு கதை சொல்வார்கள். நல்ல கதை, ஆனால் அக்காலத்துச் சான்று கிடையாது.

பாட்டு எப்படி வெளியே போயிற்று? ஆர்கன் பழுது பார்க்க வந்தவர் ஊருக்கு எடுத்துப்போனார். அங்கிருந்து டிரோல் மலைப் பாடகர் குடும்பங்கள் லைப்சிக்குக்குக் கொண்டுபோயின, நியூயார்க்குக்கும் கொண்டுபோயின. கடைசியில் 1854-இல், இதை இயற்றியது யார் என்று பெர்லின் அரசவையிலிருந்து கேட்டு எழுதும் நிலை வந்தது. க்ரூபர்தான் கைப்பட விளக்கம் எழுதினார். மோர் அதற்கு ஆறாண்டு முன்பே ஏழையாகவே இறந்துபோயிருந்தார். அந்தக் கோவிலும் இல்லை. அடுத்தடுத்த வெள்ளங்களில் பாழாகி இடித்துவிட்டார்கள். 1937-இல் திறந்த சிறு நினைவு ஆலயம்தான் இன்று நிற்கிறது. கப்பலிலிருந்து பேருந்தில் கூட்டிப்போகும் சுற்றுலா இருந்தால் தவறவிடாதீர்கள். வந்த சரக்கையே பேசிக்கொண்டிருக்கிறேனே, அந்த ஊர் பதிலுக்குக் கொடுத்த சரக்கு அது.

மறுபடி டான்யூபில் போனால், வாஹாவ் பள்ளத்தாக்கில் ட்யூர்ன்ஸ்டைன் கோட்டை இடிபாட்டைக் காட்டுவார்கள். சிலுவைப் போரிலிருந்து மாறுவேடத்தில் ஊர் திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடித்து, அங்கேதான் அடைத்தார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த விருந்தாளியைச் சிலர் அப்படியும் உபசரித்திருக்கிறார்கள்!

வியன்னாவில் டிசம்பர்ச் சந்தை நடத்த 1298-இலேயே உரிமை தரப்பட்டது. ஆனால் இன்று நகரமன்றத்தின் முன் ஜொலிக்கும் சந்தை அந்த இடத்துக்கு வந்தது 1975-இல்தான். சரி, கிறிஸ்துமஸ் மரம்? வியன்னாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர் ஃபன்னி ஃபோன் ஆர்ன்ஸ்டைன். பெர்லினிலிருந்து மணமாகி வந்த யூதப் பெண்மணி! 1814-இல், நெப்போலியனுக்குப் பிந்தைய மாநாட்டுக்காக ஐரோப்பாவே வியன்னாவில் கூடியிருந்தபோது, தம் வீட்டில் பெர்லின் வழக்கப்படி மரம் வைத்தார். இது எப்படித் தெரியும்? ரகசியப் போலீஸ் ஒற்றர்கள் அறிக்கை எழுதிவைத்துவிட்டார்கள். வாழ்க ஒற்றர்கள்! யூதப் பெண் வைத்த மரம் கத்தோலிக்க வியன்னாவின் மரபு ஆகிவிட்டது.

அந்த மரபு அவருடைய மக்களைக் காப்பாற்றியதா? புடாபெஸ்டுக்கு வாருங்கள். பெஸ்ட் கரையில், நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே, ஆற்று விளிம்பில் இரும்பில் வார்த்த அறுபது ஜோடிச் செருப்புகள் இருக்கின்றன. ஆண்கள் பூட்ஸ், பெண்கள் குதிகால் காலணி, குழந்தைகளுடையதும் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரிய நாஜிகளான அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களை அங்கே நிறுத்திச் சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். சுடுமுன் காலணியைக் கழற்றச் சொன்னார்கள், காலணிக்கு விலை உண்டே! 2005-இல் எழுந்த நினைவுச் சின்னம் அது. அங்கிருந்து சில தெருக்கள் நடந்தால் சந்தை. மிளகாய்த்தூள் போட்ட சூப், அமெரிக்காவில் பிறந்து துருக்கியர் வழியாக வந்த மிளகாய். இரண்டும் ஒரே ஊர்தான், ஒரே டிசம்பர்தான்.

இப்போதெல்லாம் ஜெர்மானியச் சந்தைகளின் வாசலில் கான்கிரீட் கட்டைகள் வைத்திருக்கிறார்கள். 2016-இல் பெர்லினிலும், 2024-இல் மாக்டெபுர்கிலும் கூட்டத்துக்குள் வண்டியை ஓட்டி ஆட்களைக் கொன்றதன் விளைவு. கட்டை வாகனத்தைத்தான் தடுக்க வேண்டும். அதையே சாக்காக வைத்து ஆட்களைத் தடுக்கச் சொல்பவர்களின் பேச்சுக்கு அந்தச் சந்தையில் விற்கும் ஒவ்வொரு பொருளும் பதில் சொல்லும்.

போகலாமா என்று கேட்பீர்கள். செலவு அதிகம், ஒளிக்காமல் சொல்கிறேன். கப்பல்தான் வேண்டும் என்பதில்லை. இதே ஊர்களை ரயிலில் பாதிச் செலவில் பார்க்கலாம். லாக் ஏறும் இரவு மட்டும் கிடைக்காது. பனி விழும் என்று நம்பிப் போகாதீர்கள், பெரும்பாலும் தூறல்தான். ஜெர்மானியச் சந்தைகள் பலவும் 24-ஆம் தேதியோடு மூடிவிடும். ஆகவே டிசம்பர் முதல் வாரத்தில் போங்கள். ஒயின் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பி வரும். இந்தத் தடம் கடக்கும் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாகியா, ஹங்கேரி நான்குக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம் வரை இழுத்தடிக்காதீர்கள்.